பகலில் தொடங்கும் வைத்தியம்



தூக்கமின்மைக்கு ஆயுர்வேதம் என்ன சொல்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். ஆயுர்வேதத்தின் ஆதார நூலான, சரகர் பெயரில் வழங்கும் சரக சம்ஹிதையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் தூக்கம் விரிவாக வருவது சூத்திர ஸ்தானத்தின் 21ஆம் அத்தியாயத்தில். வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தியாயம் தூக்கத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. ஊரார் ஏளனமாகப் பார்க்கிற எட்டு வகை உடல்களைப் பற்றியது அது. மிக நெட்டை, மிகக் குட்டை, உடம்பெல்லாம் ரோமம், ரோமமே இல்லாத உடம்பு, அதிகக் கறுப்பு, அதிக வெளுப்பு, அதிகப் பருமன், அதிக ஒல்லி. இவற்றில் கடைசி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவர் ஏன் பருக்கிறார், ஏன் இளைக்கிறார் என்று ஆராய்கிறார் சரகர். முதலில் சாப்பாட்டைச் சொல்கிறார், அடுத்தபடி தூக்கத்துக்கு வருகிறார். உடம்பு பருப்பதும் இளைப்பதும் முக்கியமாக இந்த இரண்டால்தான் என்கிறார்.

சாப்பாட்டைப் போலவே தூக்கத்தையும் உடம்பைக் கட்டுகிற ஒன்றாக அவர் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதே சூத்திர ஸ்தானத்தின் 11ஆம் அத்தியாயத்தில், உடம்பைத் தாங்கும் மூன்று துணைத் தூண்கள் என்று உணவு, தூக்கம், பிரம்மசரியம் மூன்றையும் வரிசைப்படுத்துகிறார். சாப்பாட்டுக்கு வேளை உண்டு, அளவு உண்டு, ஆளுக்கு ஆள் மாறுகிற பக்குவம் உண்டு. தூக்கத்துக்கும் அப்படியே.

இன்னொரு விஷயம். சரகர் மூலிகைகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு 50 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார். வகுப்புக்குப் பத்துச் சரக்கு. இருமலுக்கு ஒரு வகுப்பு, விக்கலுக்கு ஒன்று, தாகத்துக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, களைப்புக்கு ஒன்று, தாய்ப்பால் சுரக்க ஒன்று. தூக்கம் வரவழைக்க? ஒரு வகுப்பும் கிடையாது. 50 வகுப்பு போட்டவருக்கு 51ஆவது போடத் தெரியாதா? மறந்து விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால், எந்தெந்தக் காரியத்துக்கு எது தலைசிறந்தது என்று 25ஆம் அத்தியாயத்தில் அவர் தரும் பட்டியலில் தூக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவர் எழுதியிருப்பது எந்த மூலிகையின் பெயரையும் அல்ல. எருமைப்பால்.

இன்று கடைக்குப் போனால் நிலைமை தலைகீழ். தூக்கத்துக்கு என்று கேட்டால் கேப்ஸ்யூல் வருகிறது. சாப்பாடு, எண்ணெய், பகல் பழக்கம் எல்லாம் டப்பாவுக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டில், பொடி எழுத்தில். நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி.

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். "டாக்டர், அமுக்கரா கேப்ஸ்யூல் ரெண்டு மாசமாச் சாப்பிடறேன். ஒண்ணும் தெரியலை."

"ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"பத்து, பத்தரை ஆயிடும்."

"படுக்கறது?"

"பதினொண்ணு. தூக்கம் பிடிக்க ஒண்ணு, ஒண்ணரை."

"ஞாயித்துக்கிழமை?"

சிரித்துவிட்டார். "அன்னைக்கு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். எழுந்திருக்கறப்ப விளக்கு வெச்சிருப்பாங்க."

"அப்ப உங்களுக்குத் தூங்கத் தெரியுது. தப்பான நேரத்துல தூங்கறீங்க."

வார நாட்களில் என்ன நடக்கிறது என்று கிளறினால், மாலை வீட்டுக்கு வந்ததும் சோபாவில் ஒரு முக்கால் மணி நேரம் கண்ணயர்கிறார். அதைத் தூக்கக் கணக்கில் அவர் சேர்ப்பதே இல்லை. கோடை தவிர மற்றப் பருவங்களில் பகல் தூக்கம் கூடாது என்பது சரகர் சொல்லும் பொது விதி. பருத்த உடம்புக்காரர், நெய்யும் எண்ணெயும் தினம் சேர்க்கிறவர், கப உடம்புக்காரர் இவர்களுக்குக் கண்டிப்பாகக் கூடாது. பகல் தூக்கம் கபத்தையும் பித்தத்தையும் கிளப்பிவிடும் என்று அவர் காரணம் சொல்கிறார். 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் வேறு மொழியில் சொன்னார்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான அழுத்தம் உடம்பில் ஏறிக்கொண்டே போகும், தூங்கினால்தான் இறங்கும். மாலை ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம் தூங்கினால், பதினொரு மணிக்குச் செலவழிக்க வேண்டியதை அப்போதே செலவழித்தாகிவிட்டது. சரகரின் விளக்கமும் போர்பெலியின் விளக்கமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எல்லாம் அன்றே நமக்குத் தெரியும் என்று மார்தட்டுகிற பேச்சில் எனக்கு விருப்பமும் இல்லை. அந்த வங்கிக்காரருக்கு இருவரும் எழுதித்தரும் சீட்டு ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

விதியைச் சொல்லிவிட்டு சரகர் விலக்கும் சொல்கிறார், அது நீளமான பட்டியல். குழந்தைகள், முதியவர்கள், இளைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், நெடுந்தூரம் நடந்தவர்கள், பாடிப் பாடிக் களைத்தவர்கள், படித்துப் படித்துக் களைத்தவர்கள், அடிபட்டவர்கள், துக்கத்திலும் பயத்திலும் இருப்பவர்கள், பகல் தூக்கமே பழகிப்போனவர்கள். இவர்கள் எந்தப் பருவத்திலும் பகலில் தூங்கலாம். சித்திரை, வைகாசியில் எல்லோருமே தூங்கலாம். இரவு குறுகிவிடுகிறது, வெயிலில் உடம்பு வறண்டு வாயு சேர்கிறது, அதற்கு ஈடாகப் பகல் தூக்கம். உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதற்கும் ஒரு தனி வரி ஒதுக்கியிருக்கிறார். இரவில் விழித்தால் உடம்பு வறளும், பகலில் படுத்தால் பிசுபிசுப்பு சேரும், உட்கார்ந்து கண்ணயர்வது இரண்டையும் செய்யாது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் தலை ஆடியபடி போகிறவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

இனி, எந்த வேளையில் தூக்கம் கெடுகிறது என்பது. சரகருக்குப் பின் வந்த ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் தம்முடைய அஷ்டாங்க ஹிருதயத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சட்டகம் போட்டுவிடுகிறார். வாழ்நாளுக்கும், பகலுக்கும், இரவுக்கும், சாப்பிட்டது செரிப்பதற்கும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று கட்டம். தொடக்கத்தில் கபம், நடுவில் பித்தம், முடிவில் வாயு. ஆகவே குழந்தைப் பருவம் கபப் பருவம், அடித்துப் போட்டாற்போல் தூக்கம். முதுமை வாயுவின் காலம். முன்னிரவு கபத்துக்கு, நள்ளிரவு பித்தத்துக்கு, விடியலுக்கு முந்தைய நேரம் வாயுவுக்கு. எழுபது வயதுப் பெரியவர் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டு வளையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்றால், வாழ்நாளின் வாயுக் காலத்தில் இரவின் வாயுக் காலம் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்தியர் கணக்குப் போடுவார்.

இந்தக் கணக்கால் என்ன லாபம்? ஒரு லாபம் உண்டு. அந்தப் பெரியவரை நோயாளி என்று முத்திரை குத்தாமல் விடலாம். தூக்கம் கெடுவதற்குச் சரகர் சொல்லும் காரணங்களில் வேலைப்பளு, நோய், வாயு என்பவற்றோடு காலமும் இயல்பும் இருக்கின்றன. காலம் என்றால் முதுமை. இயல்பு என்றால் சிலர் பிறவியிலேயே குறைவாகத் தூங்குகிறவர்கள். அப்பாவுக்குத் தூக்கமே இல்லை டாக்டர் என்று மகன் பதறுவார். அப்பாவோ எட்டரை மணிக்கே படுத்துவிடுகிறார். மூன்று மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம் ஆகிவிட்டது. அவருக்கு மருந்து வேண்டாம். சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வரட்டும், படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளிப் போடட்டும். பித்தக்காரர்கள் வேறு ரகம். முன்னிரவில் வரும் சொக்கலை விட்டுவிட்டு செல்போனோடு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குத் திடீரென்று மூளை சுறுசுறுப்பாகிவிடும், பசிகூட எடுக்கும். ஃபிரிஜ் கதவைத் திறப்பார்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். சரகர் தரும் பட்டியலை அப்படியே சொல்கிறேன்: எண்ணெய் தேய்த்தல், உடம்பை உருவிப் பிடித்துவிடுதல், குளியல், மாமிச ரசம், தயிர் சேர்த்த சம்பா அரிசிச் சோறு, பால், நெய், மது, மனத்துக்கு இதமானவை, பிடித்த வாசனை, பிடித்த ஒலி, கண்ணுக்குத் தைலம், தலைக்கும் முகத்துக்கும் பூச்சு, சுகமான படுக்கை, சுகமான வீடு, உரிய நேரம்.

பட்டியலில் மாமிசமும் மதுவும் இருக்கின்றன. டப்பாவின் மேல் பச்சைப் புள்ளி போட்டு விற்கிறவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. ஊர்ப்பிராணி, சதுப்பு நிலப் பிராணி, நீர்ப்பிராணி என்று எந்தெந்த மாமிசம் என்றே நூலில் உண்டு. மாமிச ரசத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வழக்கமுள்ளவர் முன்னிரவில் அளவாகச் சாப்பிடட்டும். மது விஷயத்தில் சரகரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மது படுத்தவுடன் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். குறட்டைக்காரருக்கு மூச்சுத் தடையைக் கூட்டும். நூலில் இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

சுகமான படுக்கை என்று அவர் எழுதியதை முதலில் படித்தபோது, பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று நம் வீடுகளில் சொல்வது நினைவுக்கு வந்தது. பழமொழி உழைத்துக் களைத்தவனுக்குப் பொருந்தும். அவன் கட்டாந்தரையிலும் தூங்குவான். சரகர் பேசுவது தூக்கம் கெட்டவனைப் பற்றி. அவனுக்குத் தலையணையின் உயரமும் குற்றம்தான், பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தமும் குற்றம்தான்.

பட்டியலில் முதலில் நிற்பது எண்ணெய். தினம் உடம்பு முழுக்கத் தேய்க்க முடியாதவர்கள் தலை, காது, உள்ளங்கால் மூன்றையாவது விடாதீர்கள் என்பது வாக்படரின் அறிவுரை. வட நாட்டில் சிறு வெண்கலக் கிண்ணத்தால் உள்ளங்காலைத் தேய்த்துவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நமக்குக் கையே போதும். படுப்பதற்கு முன் நல்லெண்ணெயோ நெய்யோ இளஞ்சூட்டில் நாலு சொட்டு, காலுக்கு ஐந்து நிமிடம், பிறகு ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுப் படுக்க வேண்டியது. தரையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வயதானவர்கள். எண்ணெய்க் குளியல் நமக்குப் புதிதில்லை. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று பாட்டிகள் கண்காணித்துக் கொண்டிருப்பார்கள். அந்தக் கண்காணிப்புக்குக் காரணம், குளித்த பிறகு கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் அந்தத் தூக்கம்தான். வெந்நீரின் பங்கைப் பற்றி ஆய்வுகளும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னதாக 40 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று கண்டது. கைகாலுக்கு ரத்தம் ஓடி, உள்ளுடம்பின் சூடு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்துக்குக் கதவு. குளித்த கையோடு படுத்தால் அவ்வளவு பலன் இல்லை.

எருமைப்பாலை நான் விட்டுவிடவில்லை. பசும்பாலைவிடக் கனமானது, குளிர்ச்சியானது, கொழுப்பு அதிகம், தூக்கம் கெட்டவர்க்கும் பசித்தீ மிகுந்தவர்க்கும் நல்லது என்கிறார் சரகர். அந்தப் பின்பாதியை விட்டுவிட்டுத்தான் நாம் மேற்கோள் காட்டுகிறோம். பத்தரை மணிக்கு நாலு புரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு, மேலே ஒரு டம்ளர் எருமைப்பால் குடித்தால் நெஞ்சுக்கரிப்புதான் மிஞ்சும். ஏழரை எட்டுக்குள் அளவாகச் சாப்பிட்டவர், நல்ல பசிக்காரர், ஒல்லியானவர், மெல்ல எரிகிற வயிறு இல்லாதவர் குடிக்கலாம். பாலில் இருக்கும் ட்ரிப்டோபேன்தான் தூக்கம் தருகிறது என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு டம்ளரில் உள்ள அளவு அதற்குப் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். இளஞ்சூடான ஒன்றை நிதானமாக உட்கார்ந்து குடிப்பதிலேயே பாதி பலன் இருக்கலாம்.

தூக்கத்துக்கு ஆயுர்வேதம் என்றதும் இன்று எல்லோர் மனத்திலும் வருகிற படம், நெற்றியில் விழும் எண்ணெய்த் தாரை. சிரோதாரை. தலைக்குத் தைலத்தை நான்கு விதமாகப் பயன்படுத்தலாம் என்று வாக்படர் சொல்வதில் ஊற்றுதலும் ஒன்று. ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் கேரள வைத்தியர்கள். கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். தாரைப் பாத்தி என்பது நீளமான மரத்தொட்டி, ஆளை மல்லாக்கப் படுக்க வைக்கிற அளவு. புருவத்துக்கு மேலே துணித்திரி ஒன்றைச் சுற்றிக் கட்டுவார்கள், எண்ணெய் கண்ணுக்குள் இறங்காமல் இருக்க. தலைக்கு நேர் மேலே ஒரு சட்டி தொங்கும். அடியில் துளை, துளையில் திரி. திரியின் நுனிக்கும் நெற்றிக்கும் நாலு விரற்கடை இடைவெளி. அதற்கு மேல் உயர்ந்தால் விழுகிற எண்ணெய் குத்தும், தாழ்ந்தால் ஓட்டம் இருக்காது. பணியாளர் சட்டியை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க, தாரை ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டுக்குப் போய்த் திரும்பும். வழிந்த எண்ணெயைப் பாத்தியின் கீழே பிடித்து, வெதுவெதுப்பு மாறாமல் சூடாக்கி மீண்டும் சட்டியில் ஊற்றுவார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முடிந்ததும் துடைத்து, உச்சியில் ராஸ்நாதி சூரணத்தைத் தேய்த்துவிடுவார்கள், நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க.

எந்தத் திரவம் என்பது ஆளைப் பொறுத்தது. வாயு மிகுந்தவர்க்கு க்ஷீரபலா போன்ற தைலங்கள். சூடும் எரிச்சலுமாக இருப்பவர்க்குத் தக்ரதாரை. கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலை உறையூற்றிக் கடைந்த மோரில் நெல்லிக்காய்க் கஷாயம் கலந்து ஊற்றுவது. பழைய முறைப்படி இது ஏழு நாள், பதினான்கு நாள் என்று போகும். பிறகு அதே அளவு நாட்களுக்கு நல்லிருப்பு. வெயில், அலைச்சல், சச்சரவு, பகல் தூக்கம், இரவு விழிப்பு எதுவும் கூடாது. பி. எஸ். வாரியர் 1902இல் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டுக்காரர்கள் மலையேறிப் போய்ச் செய்துகொண்ட வைத்தியம் இது. இப்போது கடற்கரை விடுதிகளில் ஒரு மணி நேரச் சிட்டிகையாகக் கிடைக்கிறது, முடிந்த அரைமணியில் நீச்சல் குளத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பலன் உண்டா? ஆளுக்கு ஆள் கை மாறுவதால் ஏற்படும் வேறுபாட்டைத் தவிர்க்க, ஜப்பானில் எண்ணெய் ஊற்றுவதற்கு இயந்திரம் அமைத்து, ஆரோக்கியமான 16 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. பதற்றம் குறைந்தது, மனம் ஒருவித ஆழ்ந்த நிலைக்குப் போனது என்று பதிவு செய்தார்கள். 16 பேர் சிறிய எண்ணிக்கை, அவர்கள் தூக்கம் கெட்டவர்களும் அல்லர். என் அபிப்பிராயம் கேட்டால், தாரையோடு சேர்த்து அந்தப் பதினான்கு நாள் வாழ்க்கைக்கும் மதிப்பெண் போட வேண்டும். செல்போன் இல்லை, நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்குப் படுக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்க யாரும் சரியாக முயலவில்லை என்பது என் குறை.

கடைசியில் மூலிகைக்கு வருகிறேன். சரகர் விட்ட இடத்தைப் பின்னால் வந்த தொகுப்பு நூல்கள் நிரப்பின. அவற்றில் எளிமையானது திப்பிலி மூலம், நாம் கண்டந்திப்பிலி என்று ரசத்தில் போடுவது. அதைப் பொடித்து வெல்லத்தோடு குழைத்துச் சாப்பிடுவது. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துக் கொடுப்பது வீடுகளில் பரவியிருக்கிறது. சந்தனக் கல்லில் இரண்டு இழைப்பு போதும். பலன் இல்லையே என்று அளவைக் கூட்டக் கூடாது. 5 கிராம் அளவுக்குப் போனால் நெஞ்சு படபடப்பு, வாய் உலர்தல், குழப்பம், மாயத்தோற்றம் என்று மருத்துவமனைக்கே போக நேரும். ஒரு முழுக் காய் ஏறக்குறைய அந்த எடைதான்.

அமுக்கராவைச் சரகர் உடம்பைப் பருக்கவைக்கும் வகுப்பிலும் பலம் தரும் வகுப்பிலும் வைத்தார். சித்த மருத்துவத்திலும் அமுக்கராச் சூரணம் பேர் பெற்றது. இளைத்து, பதறி, தூக்கம் கெட்டவருக்குப் பாலில் கலந்து கொடுப்பது முறை. 2021இல் ஐந்து சோதனைகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாக எடை போட்ட கட்டுரை தூக்கத்தில் சிறிய அளவில் முன்னேற்றம் கண்டது. நாளுக்கு 600 மில்லிகிராம் சாறுக்கும் எட்டு வாரத்துக்கும் குறையாதபோது பலன் கூடுதலாகத் தெரிந்தது. சிறிய முன்னேற்றம் என்ற சொல்லை விளம்பரத்தில் பார்க்க மாட்டீர்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2017இல் ஜப்பானின் த்சுகுபா பல்கலைக்கழகத்தில் எலிகளைத் தூங்க வைத்த பொருள் அமுக்கரா இலையில் கிடைத்தது. நம் நூல்கள் சொல்வதோ வேரை. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021இல் ஆயுஷ் அமைச்சகம் மருந்து தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சர்ப்பகந்தாவின் கதை இதைவிடப் பெரியது. பீகார்ப் பக்கம் பைத்தியத்துக்கு மருந்து என்றே பெயர் வாங்கிய வேர், குழந்தைகளைத் தூங்க வைக்கவும் கொடுத்திருக்கிறார்கள். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். கணநாத் சென் ஆயுர்வேதம் அறிந்தவர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் அனுபவத்தை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயார்க்கில் மனநல மருத்துவர் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார். 1956இல் வேதியியலாளர் உட்வர்ட் அதை ஆய்வகத்திலேயே கட்டிவிட்டார். பதற்றக்காரர் அமைதியானார், அழுத்தம் இறங்கியது. கொஞ்ச நாளில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள் என்ற செய்தியும் வந்தது. நரம்பு நுனிகளில் சேமித்து வைக்கும் ரசாயனங்களை ரெசர்பின் காலி செய்துவிடுகிறது. காட்டில் அந்தச் செடியும் தோண்டித் தோண்டி அருகி, இன்று அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இமயமலையில் வளரும் சடாமாஞ்சிலுக்கும் இதே கதி. 1997இலேயே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது, இப்போது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் மலிவாகக் கிடைத்தால் அது சடாமாஞ்சில்தானா என்று சந்தேகப்படுங்கள். சர்ப்பகந்தா சேர்ந்த மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள். ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

சரக்கின் தூய்மையும் கவலைதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. பெயர் தெரியாத டப்பாவை இணையத்தில் வாங்கித் தூக்கம் தேடாதீர்கள்.

யாரை நான் வேறு மருத்துவரிடம் அனுப்புகிறேன்? உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர்களை. விடிகாலையில் விழித்து, வாழ்வே வெறுத்துப்போனதாகச் சொல்கிறவர்களை. கைகால் நடுக்கமும் எடைக்குறைவும் சேர்ந்து வருகிறவர்களை. வருடக்கணக்கில் தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறக் கூடாது. வலிப்பு வரை போகலாம். எழுதித் தந்த மருத்துவரோடு பேசி, மெல்லக் குறைக்க வேண்டும்.

கவலையால் கெடும் தூக்கம் மிச்சமிருக்கிறது. துணைத் தூண்களைச் சொன்ன அதே 11ஆம் அத்தியாயத்தில் சரகர் வைத்தியத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார். தெய்வத்தைச் சார்ந்தது, யுக்தியைச் சார்ந்தது, மனத்தை அடக்குவது. மூன்றாவதற்கு சத்துவாவஜயம் என்று பெயர். பெயர் கம்பீரமாக இருக்கிறது. படிப்படியாக எப்படிச் செய்வது என்று எழுதிவைத்தவர்கள் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் கொடுங்கள் என்று வழிகாட்டியது. படுக்கையில் விழித்துக் கிடக்காதே, எழுந்து போ, ஒரே நேரத்தில் எழுந்திரு என்று வாரத்துக்கு வாரம் பாடம் உண்டு. நம் ஆயுர்வேதக் கல்லூரிகள் அதை எடுத்து, சத்துவாவஜயம் என்ற காலி அலமாரியில் அடுக்கிக் கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிப்பதற்கு முன், இரவுப் பணி. நர்ஸுகள், லாரி ஓட்டுநர்கள், மென்பொருள் கம்பெனிப் பிள்ளைகள். இவர்களுக்கு வாக்படரின் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு விதி இருக்கிறது: பழக்கமில்லாமல் இரவில் விழிக்க நேர்ந்தால், விழித்த நேரத்தில் பாதியளவு மறுநாள் காலை சாப்பிடாமல் தூங்க வேண்டும். எட்டு மணி நேரம் விழித்தால் நாலு மணி நேரம். சாப்பாடு அதற்குப் பிறகு. நடப்பது என்ன? ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இட்லி சாப்பிட்டு, துணி துவைத்துப் பதினோரு மணிக்குப் படுக்கிறார். கூரியர்காரர் பன்னிரண்டுக்கு மணி அடிக்கிறார். அவருக்கு நான் எழுதித் தருவது மருந்து இல்லை. வந்ததும் முகம் கைகால் கழுவிவிட்டு முதலில் படுக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உள்ளங்காலுக்கு எண்ணெய். பிள்ளைகளின் டிபன் பாக்ஸை வீட்டுக்காரர் கட்டட்டும். சீட்டில் கடைசி வரியை எப்போதும் அவருடைய கணவரைக் கூப்பிட்டு நேரில் படித்துக் காட்டிவிடுவேன்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.